‘இதுவும் ஃபார்மா சார்?’: சேவைவழிக் கற்றலுக்கு ஆசிரியர்களைத் தயார்செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையை அடுத்த பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிளாக்கின் கீழ்த்தளம். ஒரு கல்லூரியின் ஆசிரியர் பயிற்சிக்காக இருபது பேராசிரியர்களை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பகல் பதினோரு மணி. பக்கத்து வீடுகளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. நாங்கள் உட்கார்ந்தோம், நாற்காலிக்குச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். எங்களில் ஒருவர் பையிலிருந்து தாள்களை எடுத்ததுமே, இடுப்பில் குழந்தையோடு நின்ற அக்கா கேட்டார்: “இதுவும் ஃபார்மா சார்? போன மாசம்தான் ஒரு காலேஜ் புள்ளைங்க வந்து எழுதிக்கினு போனாங்க. அதுக்கு முன்னாடியும் ஒருக்கா வந்தாங்க. எல்லாம் இதே கேள்விதான்.”

அந்தப் பயிற்சி சேவைவழிக் கற்றலுக்கானது, அதாவது மாணவர்கள் தங்கள் பாடத்தையொட்டி மக்களிடையே ஒரு வேலை செய்து கற்பதற்கு. அதன் திட்டத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இனி நான் பட்டியலிடும் தவறுகளில் பாதிக்கு மேல் என் கைப்பட நடந்தவை.

இப்போது சென்னையில் பல கல்லூரிகள் இந்தப் பயிற்சியைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 தேசிய கல்விக் கொள்கை, சமூக ஈடுபாட்டையும் சேவையையும் கிரெடிட் உள்ள பாடமாக்கச் சொன்னது. அதையொட்டி யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தந்த வழிகாட்டு நெறிமுறை இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றை முன்வைத்தது: ஒரு கிரெடிட் வகுப்பறைக்கு, ஒரு கிரெடிட் களத்துக்கு. சிலபஸ் வந்துவிட்டது. அதை நடத்தப்போகிறவர் யார், அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் மூன்று நாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), ஒரு சான்றிதழ் என்று பதில் எழுதிவிடுகிறோம்.

என்.எஸ்.எஸ். வேறு, இது வேறு

பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே நடக்கும் தவறு, இதை என்.எஸ்.எஸ்.ஸோடு (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர்த்துக் குழப்புவது. “நாங்க என்.எஸ்.எஸ்.ல இதெல்லாம் பண்ணிட்டுத்தான் இருக்கோம்” என்று ஒருவர் சொல்வார், பயிற்றுநரும் தலையாட்டுவார். பத்து வருஷம் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்தவன் நான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம், அதோடு 7 நாள் சிறப்பு முகாம். ஆனால் அங்கே மரம் நடும் மாணவர் தாவரவியல் படிக்கிறாரா, பி.காம். படிக்கிறாரா என்பது பொருட்டில்லை. சேவைவழிக் கற்றலில் அதுதான் பொருட்டு. செய்கிற வேலையும் படிக்கிற பாடமும் ஒன்றையொன்று உரச வேண்டும்.

உரசல் என்றால் என்ன? பி.காம். மாணவி ஒருத்தி மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டை எழுதிக் கொடுக்கப் போகிறாள். குழுவுக்குள் உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடனுக்கு “ரெண்டு வட்டி” என்கிறார் குழுவின் ஊக்குநர். மாணவி ஆண்டுக்கு 2 சதவீதம் என்று போட்டுக் கூட்டுகிறாள், தொகை இடிக்கிறது. ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம் என்று அந்த அம்மா விளக்குகிறார். வங்கிக் கடனை விட இது அதிகமாயிற்றே, பிறகு ஏன் இதை விரும்புகிறார்கள்? அந்த வட்டி யார் கையில் போய்ச் சேருகிறது? இங்கே பாடம் திறந்துகொண்டது. ஆசிரியர் இந்த இடத்தைப் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவரத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்த மாணவி நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான்.

தமிழ்த் துறையினர் “எங்க பாடத்துக்கு இது ஒத்துவராதே” என்று ஒதுங்குவார்கள். எனக்கு அவர்கள்மேல்தான் அதிக நம்பிக்கை. குடியிருப்பில் மனு எழுதித் தர ஆள் இல்லாமல் எத்தனை பேர் அலைகிறார்கள்! ஒரு தாய் மூச்சுவிடாமல் சொல்வதை அலுவலகத் தமிழில் அரைப் பக்கமாகச் சுருக்கும்போது எது விழுந்துபோகிறது என்பதை விடப் பெரிய மொழிப் பாடம் ஏது? ஆகவே பயிற்சியின் முதல் நாளே ஒவ்வொருவரும் தன் சிலபஸைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த யூனிட் களத்தில் உரசும் என்று ஒரு வரியாவது எழுதட்டும். அந்த வரி வராதவருக்கு அடுத்த இரண்டு நாளும் வீண்.

ஏ.சி. ஹாலில் மூன்று நாள்

கற்றுக்கொடுப்பவர்கள் நேரில் போகாமல், மாணவர்களை நேரில் போகச் சொல்லும் பாடத்தை நடத்த முடியும் என்று நினைப்பதுதான் ஆகப் பெரிய தவறு. இரண்டரை நாள் பவர்பாயிண்ட், கடைசி அரை நாள் “ஃபீல்டு விசிட்”. பெரும்பாக்கத்தில் அன்று நாங்கள் செய்ததும் அதுவே.

அந்த அக்கா கேட்டதற்குப் பிறகு தாள்களை உள்ளே வைத்துவிட்டோம். ஒரு பொருளாதாரப் பேராசிரியர் சாக்பீஸால் தரையில் பெரிய வட்டம் போட்டு, உங்கள் ஒரு நாளை இதில் குறித்துக் காட்டுங்கள் என்றார். கிராமத்துக் கள ஆய்வுகளில் பழகிய முறைதான், கடிகார வரைபடம். அக்கா குழந்தையை இறக்கிவிட்டு அவரிடமிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். நாலு மணிக்கு எழுந்திருப்பது, ஐந்தரைக்கு பஸ், இரண்டு வீட்டில் பாத்திரமும் துணியும், மறுபடி பஸ், பகல் இரண்டு மணிக்குத்தான் வீடு. அன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் லீவு போட்டிருந்தாராம். “இந்நேரத்துக்கு வந்தா யாரு சார் இருப்பா? கெழவிங்களும் கொழந்தைங்களும்தான்” என்று சொல்லி, பதினோரு மணி இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அங்கே இருந்த இருபது பேரும் அடுத்த செமஸ்டரில் மாணவர்களை அனுப்ப நினைத்திருந்தது கல்லூரி நேரத்தில், பத்திலிருந்து ஒன்றுக்குள். எந்த ஸ்லைடும் இதை அவர்களுக்குச் சொல்லியிருக்காது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் பலர் நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள். வேலை பழைய இடத்துப் பக்கம், வீடு இங்கே. காசிமேடு என்றால் கணக்கு வேறு, அங்கே நாள் தொடங்குவது மீன் ஏலத்தோடு. ஆக, ஆசிரியர் தன் டைம்டேபிளைப் போடுவதற்கு முன்னால் அந்தத் தெருவின் டைம்டேபிளைக் கற்க வேண்டும். பயிற்சி ஐந்து நாள் என்றால் இரண்டு நாளாவது அதற்குப் போகட்டும். முதல் நாள் பேராசிரியர்கள் யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டாம். கேட்கட்டும், நடக்கட்டும். நாற்காலியை மறுக்கட்டும்.

(நாற்காலி விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மறுத்தால் சிலர் மனம் நோகிறார்கள். இப்போதெல்லாம் பாய் இருக்கிறதா என்று கேட்கிறேன்.)

பொன்னாடை

சமூகத்தினரைப் பயிற்சிக்கு அழைப்பதே இல்லை, அல்லது அழைத்து மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்திப் பத்து நிமிடம் பேசவிடுகிறோம். முன்னதை விடப் பின்னது மோசம். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியருக்கு மதிப்பூதியமும் பயணப்படியும் கிடைக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த குழுத் தலைவிக்கு சால்வையும் டீ-சமோசாவும். ஏன் என்று கேட்டால், “பில் போட வழியில்லை சார், அவங்களுக்குப் பான் கார்டு கிடையாது” என்பார்கள். வவுச்சரில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க எந்தக் கல்லூரியிலும் வழி இருக்கும், தேடினால். அவரும் ஒரு ரிசோர்ஸ் பர்சன் என்று நிகழ்ச்சி நிரலிலேயே எழுதுங்கள். முழு அமர்வைக் கொடுங்கள்.

‘மறக்க முடியாத அனுபவம்’

களத்துக்குப் போய் வந்த மாணவர் டைரி எழுதுவார். அதை எப்படிப் படிப்பது என்று ஆசிரியருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அவர் ரெக்கார்ட் நோட்டுபோல டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் அனுபவம் கற்றலாக மாறுவது அசைபோடும்போதுதான். அந்த அசைபோடலை நடத்தத் தெரிந்தவரைத்தான் இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் என்று சொல்லலாம்.

பயிற்சிகளில் நான் கொடுக்கும் மாதிரி டைரி வரி இது: “இங்குள்ள மக்கள் குப்பையைத் தெருவில் கொட்டுகிறார்கள். அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை. இது எனக்கு மறக்க முடியாத அனுபவம்.” இதன் ஓரத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்பேன். ‘நன்று’ என்று எழுதியவர்கள் உண்டு. ‘விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள்.

எழுத வேண்டியவை கேள்விகள். எந்த நேரத்தில் பார்த்தாய்? கொட்டியது யார் என்று பார்த்தாயா, கொட்டிக் கிடந்ததை மட்டும் பார்த்தாயா? குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, அப்போது வீட்டில் யார் இருப்பார்கள்? ஏழாவது மாடிப் பாட்டி எப்படி இறங்கி வருவார்? உன் தெருவில் வண்டி வராத நாளில் உன் வீட்டுக் குப்பை எங்கே போகிறது? இதில் இரண்டு கேள்விக்கு விடை தேடினாலே ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற வரியை அந்த மாணவரே அடித்துவிடுவார். என்ன பார்த்தேன், அதனால் என்ன புரிந்தது, இனி என்ன என்ற மூன்று படி எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. முதல் படியை ஒழுங்காக எழுதவைப்பதுதான் கஷ்டம். பயிற்சி நடக்கும் நாட்களில் ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லுக்குத் தடை போட்டுப் பாருங்கள். பேராசிரியர்கள் திணறிப்போவார்கள்.

தங்கள் களநாளைப் பற்றி ஆசிரியர்களே ஒரு பக்கம் எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேள்வி கேட்பதற்கு ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்களின் பக்கங்களிலும் ‘மறக்க முடியாத அனுபவம்’ வரும்.

மதிப்பெண்ணும் இங்கேதான் வரும். கிரெடிட் கற்றலுக்கு, சேவைக்கு அல்ல என்பது இந்தத் துறையின் பழைய விதி. முப்பது மணி நேரம் வந்து போனதற்கு முழு மார்க் போட்டால் அது வருகைப்பதிவு. ஜியோடேக் போட்டோவை வைத்து மார்க் போடுவது அதை விட மோசம். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்கான கோப்புக்குப் படம் தேவைதான். பால்வாடிக் குழந்தையின் முகம் தேவையில்லை.

யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள்

எஃப்.டி.பி.க்கு வருபவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஷிஃப்ட் இரண்டின் ஒப்பந்த ஆசிரியர்கள், “நீங்க போங்க மேடம்” என்று தள்ளிவிடப்பட்டவர்கள். கற்றுக்கொண்டு திரும்பினால், களத்துக்குப் போகும் மணி நேரத்தை ஒர்க்லோடில் சேர்க்க ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சம்மதிப்பதில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்கிறது யு.ஜி.சி. அதற்கு மேல் சனிக்கிழமை களம் என்றால் எத்தனை செமஸ்டர் தாங்குவார்? துறைத் தலைவர்களுக்கும் முதல்வருக்கும் அரை நாள் தனி அமர்வு வையுங்கள். அதில் தத்துவம் வேண்டாம், டைம்டேபிள் மட்டும் பேசுங்கள்.

சென்னைக்கென்று ஒன்று: களப்பணியைச் செமஸ்டர் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அக்டோபர், நவம்பர் என்றால் மழை லீவு. ஜூலையில் தொடங்கிச் செப்டம்பரில் முடிக்கும்படி ஆசிரியர்களைத் திட்டமிடச் சொல்லுங்கள். கடைசி நாள் எது என்பதை முதல் நாளே அங்குள்ளவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

எழுதியெடுத்துப் போனதைத் திருப்பிக் கொடுக்கவும் கற்றுக்கொடுங்கள். அந்த பிளாக்கைப் பற்றி மற்ற கல்லூரிகள் நிரப்பிய ஃபார்ம்கள் ஏதோ ஒரு ஸ்டாஃப் ரூம் பீரோவில் கிடக்கும். எங்கள் குழு இரண்டு பக்கத்தில், தமிழில், பார்த்ததை எழுதி ஒரு ஞாயிறு மாலை அங்கேயே வாசித்துக் காட்டியது. நடுவிலேயே நிறுத்தி இரண்டு தப்பைத் திருத்தினார்கள்: தண்ணீர் வரும் நாளும், பால்வாடி பூட்டும் நேரமும்.