ஆர் மொழிக்கு வேகமான பிளாஸ் நூலகத்தை மாற்றுவது எப்படி?

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மொழியோடு வரும் பிளாஸ், அதாவது அணிக் கணக்குகளைச் செய்யும் நூலகம், நம்பகமானது. ஆனால் ஒரே த்ரெட்டில்தான் ஓடும், அதாவது ஒரு கோரை மட்டுமே பயன்படுத்தும். பெரிய அணிகளைப் பெருக்கும்போது தவழும். பல த்ரெட்டுகளில் ஓடும் ஓப்பன்பிளாஸ் நூலகத்துக்கு மாறினால், உங்கள் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் வேகம் கூடும்.

முதலில் செஷன்இன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். எந்த பிளாஸ், எந்த லாபேக் (பிளாஸின் மேல் கட்டப்பட்ட நேரியல் இயற்கணித நூலகம்) கோப்பு ஏறியிருக்கிறது என்று முழுப் பாதையோடு காட்டும், குறித்து வையுங்கள். பிறகு 2000×2000 அணி ஒன்றை அதனாலேயே பெருக்கி நேரம் பாருங்கள். அந்த ஒரு பெருக்கலிலேயே சுமார் 1600 கோடி கணக்குகள் இருப்பதால், நூலகத்தை மாற்றிய பின் மறுபடி ஓட்டினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

டெபியன், உபுண்டுவில் ஆப்ட் மூலம் ஓப்பன்பிளாஸை நிறுவி, அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையில் தேர்ந்தெடுங்கள். பிளாஸுக்கும் லாபேக்குக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. பலரும் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஆரை மூடித் திறந்து பாதையை மறுபடி பாருங்கள். மாறவில்லையா? மூலநிரலிலிருந்து கம்பைல் செய்த ஆர், தன் சொந்த லிப்ஆர்பிளாஸ் கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டு, பழைய பெயரிலேயே புதிய நூலகத்துக்கு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள்.

த்ரெட் விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. 8 கோர் கணினியில் 8 பணிகளை இணையாக ஓட்டி, ஒவ்வொன்றும் 8 த்ரெட் திறந்தால், 64 த்ரெட்டுகள் முட்டிமோதி எல்லாமே மெதுவாகிவிடும். அப்படிப்பட்ட வேலைக்கு, ஓப்பன்பிளாஸின் த்ரெட் எண்ணிக்கைக்கான சூழல் மாறியை 1 என்று வைத்த பிறகே ஆரைத் தொடங்குங்கள்.

விடைகளின் கடைசி இலக்கங்கள் சற்று மாறலாம். ஐகன் வெக்டர்களின் கூட்டல்-கழித்தல் குறிகூடத் திரும்பலாம். அது பிழையல்ல. பழைய முடிவோடு ஒப்பிட, அச்சு அசலாக ஒன்றா என்று பார்க்கும் ஐடென்டிக்கல் வேண்டாம். குறியைச் சரிசெய்துவிட்டு, சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் ஆல்-ஈக்வல் பயன்படுத்துங்கள்.