டைசர் மாடலில் மெக்னீசியம் நிற்காத பிரச்சினை

மண்டபம், தொண்டி பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் என்றாலே வயிறு கலங்கும். அந்த நோயைத் தரும் வைரஸை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் (அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து முடக்கும் முறை) அடக்கும் வேலைக்காக, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை நறுக்கும் டைசர் என்ற இறால் நொதியின் வெட்டும் பகுதியை, மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் ஆம்பர் மென்பொருளில் ஓட்டினேன். வெட்டுவதற்கு மெக்னீசியம் வேண்டும்; ஆனால் புரத வடிவத்தைக் கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்டு 2 உலோகம் வைக்காது. அதனால் அக்விஃபெக்ஸ் பாக்டீரியாவின் இதே வகை நொதியின் படிக அமைப்பைப் (புரதத் தரவு வங்கியில் 2என்யூஜி) பொருத்தி, இரண்டு மெக்னீசியத்தையும் அங்கிருந்து எடுத்தேன்.

அணுக்களை இடத்தில் நிறுத்தி வைக்கும் பிடிமானத்தைத் தளர்த்தியதும் ஒரு மெக்னீசியம் நழுவியது. ஆக்சிஜனிலிருந்து 2.1 ஆங்ஸ்ட்ராமில் நிற்க வேண்டியது, தண்ணீருக்குள் போய்விட்டது. கணக்கு ஒவ்வொரு முறையும் தாவும் கால அடியை 2 ஃபெம்டோநொடியிலிருந்து 1 ஆக்கினேன், சமநிலைப்படுத்தலை நீட்டினேன், அயனியின் விசை அளவுருவை 12-6-4 என்ற வகைக்கு மாற்றினேன். ஒன்றும் எடுபடவில்லை. மின்சாரம்தான் வீண்.

கோளாறு ஃபைலில் மூன்றெழுத்தில் இருந்தது. வினைமையத்தில் 'ஜிஎல்யூ' (எதிர்மின்சுமை உள்ள குளுட்டமேட்) இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'ஜிஎல்எச்' (ஹைட்ரஜன் ஏறி மின்சுமை இழந்தது). எந்த அமிலத்தில் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) இருக்கும் என்று முடிவு செய்ய பிகேஏவைக் கணிக்கும் புரோப்கா நிரல், உலோகம் இல்லாத மாடலைத்தான் பார்த்தது. எதிர்மின்சுமை உள்ள நான்கு அமிலங்கள் நெருக்கியடித்து நின்றால் பிகேஏ ஏறும், அதாவது அமிலம் புரோட்டானை விடாது; அந்தக் கணிப்பை வைத்துக் குளுட்டமேட்டுக்கு ஒரு ஹைட்ரஜன் சேர்ந்துவிடும். மின்சுமை போன கார்பாக்சில் மெக்னீசியத்தை எப்படிப் பிடிக்கும்?

பெயரை 'ஜிஎல்யூ' ஆக்கி, அந்த ஹைட்ரஜனுக்கான 'எச்இ2' வரியை அழித்தேன். ஆம்பருக்கு உள்ளீடு தயாரிக்கும் டீலீப்பில் மொத்த மின்சுமை ஒன்று குறையும். அதை ஈடுசெய்யச் சேர்க்கும் சோடியத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். படிகத்தில் உலோகத்தை ஒட்டிய நீர் மூலக்கூறுகளையும் விடக்கூடாது, மெக்னீசியத்துக்கு வேண்டிய ஆறு பிணைப்பு அவற்றோடு சேர்ந்துதான் நிறையும். இப்போது பிடிமானம் இல்லாமலே இரண்டும் அசையாமல் நிற்கின்றன.