மூளைத் தொற்றும் நானோத் துகளும்: ஆட்டோகிளேவ் காப்பாற்றாத தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்து, "தண்ணீர், கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்துவிட்டேன், துகள்களையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிட்டேன், நாளைக்கு எலிகளுக்கு ஊசி போடலாமா மேடம்?" என்று கேட்டார். (ஆட்டோகிளேவ் என்பது அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கருவி.) பல ஆண்டுகளுக்கு முன் நான் என் வழிகாட்டியிடம் கேட்ட அதே கேள்வி அது. அவர் அன்று சம்மதித்தார். அந்தச் சம்மதத்துக்கு நான் கொடுத்த விலை பதினான்கு மாதங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கையுறை அணிவது, துகளின் அளவை ஒவ்வொரு முறையும் அளப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காசநோய்க் கிருமியாலும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையாலும் வரும் மூளைக்காய்ச்சல்களை நானோத் துகள்களால் கண்டறியும், குணப்படுத்தும் ஆய்வை மனதில் வைத்து, கைதேர்ந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பஃபரில் வேலை செய்த சோதனை, தண்டுவட நீரிலும் வேலை செய்யும் என்று எண்ணுவது

தங்க நானோத் துகள்கள் தனித்தனியாக மிதக்கும்போது சிவப்பாகவும், ஒன்றோடொன்று திரண்டால் நீலமாகவும் தெரியும். இந்த நிறமாற்றத்தை வைத்துக் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனைகளை உருவாக்குவது எங்கள் துறையில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஆனால் ஆய்வகத்தில் நாமே கலக்கும் பஃபர் கரைசல் வேறு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீர் வேறு. அந்த நீரில் உள்ள உப்பே, போதிய மேற்பூச்சு இல்லாத துகள்களைத் திரளவைத்துவிடும். மாறாக, காசநோய் மூளைக்காய்ச்சலில் டெசிலிட்டருக்கு 100 மி.கி.யைத் தாண்டி உயரும் புரதம் (இயல்பில் 15 முதல் 45 வரைதான்), துகள்களைப் போர்த்திக்கொண்டு, திரள வேண்டிய நேரத்திலும் திரளவிடாது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், ஒரு நோயாளியின் நீரில் கிடைத்த முடிவை வைத்து அடுத்தவரின் முடிவைச் சரிசெய்யவும் வழியில்லை.

ஒரு துளியில் கிருமி இருக்கும் என்ற நம்பிக்கை

உணரி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், துளிக்குள் வராத கிருமியை அது கண்டுபிடிக்க முடியாது. 1 மி.லி. தண்டுவட நீரில் 10 காசநோய்க் கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், 5 மைக்ரோலிட்டர் துளியில் சராசரியாக இருப்பது 0.05 கிருமி, அதாவது ஏறத்தாழ இருபது துளிகளில் ஒன்றில்தான் ஒரு கிருமி. வளர்ந்தவர்களிடம் குறைந்தது 6 மி.லி. எடுத்து, சுழற்றி, அடியில் படிவதைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

கிருமி செத்தால் போதும் என்று நினைப்பது

இனி அந்தப் பதினான்கு மாதக் கதை. கைட்டோசான் (இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பொருள்) துகள்களில் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை அடைத்து, எலிகளின் வால் சிரையில் செலுத்தி, மூளையில் எவ்வளவு மருந்து சேர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். துகளில் அடைக்காத மருந்தைப் பெற்ற எலிகளைவிட, துகள் பெற்ற எலிகளின் மூளையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து இருந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதே விடை. ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பைத் துகள் தாண்டிவிட்டது என்று எழுதவும் தொடங்கிவிட்டேன்.

உண்மையில் தாண்டியது துகள் அன்று. எங்கள் வாலைநீர்த் தொட்டியின் உட்சுவரில் வழவழவென்று ஒரு பாசிப்படலம் போல நுண்ணுயிர்கள் வளர்ந்திருந்தன. அந்த நீரை ஆட்டோகிளேவ் செய்தபோது அவை அனைத்தும் செத்தன. ஆனால் கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு 121 டிகிரி நீராவிக்கு அழியாது, வடிகட்டியின் துளைகளிலும் நழுவிவிடும். கைட்டோசான் நேர்மின்னேற்றம் கொண்டது, எண்டோடாக்சின் எதிர்மின்னேற்றம் கொண்டது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் எத்தனை முறை கழுவினாலும் பிரியாது. நாங்கள் எலிக்குச் செலுத்தியது மருந்துத் துகள் மட்டுமன்று, அதன் முதுகில் ஏறிய நஞ்சும்தான். அந்த நஞ்சு மூட்டிய அழற்சியில் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து மருந்துக்கு வழிவிட்டது. அடைக்காத மருந்தையோ கடையில் வாங்கிய ஊசிமருந்து நீரில் கரைத்திருந்தோம். அதனால் அந்த எலிகள் தப்பின, நாங்கள் ஏமாந்தோம்.

இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவது, இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு எலிக்கூட்டம் போதுமானதாக இருந்திருக்கும் என்பதுதான். மருந்தில்லாத வெற்றுத் துகளையும் அடைக்காத மருந்தையும் ஒன்றாகப் பெற்ற எலிகளை ஒப்பிட்டிருந்தால், அவற்றின் மூளையிலும் அதே இரண்டு மடங்கு தெரிந்திருக்கும். "எலிகள் நன்றாகத்தானே இருக்கின்றன" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் சொன்னார். மனிதரைச் சாய்த்துவிடும் எண்டோடாக்சின் அளவை எலி வெகு சாதாரணமாகத் தாங்கிக்கொள்ளும் என்பது அப்போது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

எண்டோடாக்சினை அளக்காமல் விட்டதற்கும் ஒரு சாக்கு இருந்தது. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் லிமுலஸ் வினைப்பொருளை வைத்துச் செய்யும் சோதனையில், உண்டாகும் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் படிக்க வேண்டும். ரிஃபாம்பிசினோ செம்மஞ்சள் நிறம் கொண்டது. நிறம் குறுக்கிடுகிறது என்று சொல்லிச் சோதனையையே கைவிட்டோம். செய்திருக்க வேண்டியது வேறு. மாதிரியை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு நீர்க்கச் செய்து, அதில் தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, 50 முதல் 200 விழுக்காட்டுக்குள் அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். திரும்பக் கிடைக்காவிட்டால், 'இல்லை' என்று வரும் விடைக்குப் பொருளே கிடையாது. செல்லுலோஸ் வடிகட்டிகளிலிருந்து கசியும் குளூக்கான் அதே வினைப்பொருளைத் தூண்டி, இல்லாத எண்டோடாக்சினை இருப்பதாகக் காட்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, நீரை மாற்றி, கைட்டோசானையும் புதிதாக வாங்கித் தொடக்கத்திலிருந்து செய்தபோது அந்த இரண்டு மடங்கு காணாமல் போனது. சிரைவழி செலுத்தும் மருந்துக்கு, உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 5 எண்டோடாக்சின் அலகு வரை அனுமதி உண்டு. தண்டுவடத்துக்குள் செலுத்தும் மருந்துக்கு அது 0.2 மட்டுமே. மூளைக்கு மருந்து செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இந்த இரண்டாவது.

ரத்தத்தோடு சேர்த்து மூளையை அரைப்பது

எலியின் இதயம் வழியாக உப்புக் கரைசலைச் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றாமல் மூளையை எடுத்தால், நீங்கள் அளப்பதில் ஒரு பகுதி குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த மருந்து. வெளியேற்றிய பிறகும் துகள்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும். ஆகவே அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு நுண்குழாய்களைத் தனியே பிரித்து அளக்க வேண்டும். அந்த முறை 1990-லேயே வெளியாகிவிட்டது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆரோக்கியமான எலியில் சோதிப்பது

தொற்று வந்த மூளையின் தடுப்பு ஏற்கெனவே ஒழுகுகிறது. ஆரோக்கியமான எலியில் கிடைத்த விடை அதற்குப் பொருந்தாது.

தங்கக் கோடு தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று முடிவுகட்டுவது

கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜெனுக்கான (அந்தப் பூஞ்சையின் அடையாளப் பொருளுக்கான) பட்டைச் சோதனையில் பத்து நிமிடத்தில் தெரியும் கோடு தங்கத் துகள்களால் ஆனது. ஆன்டிஜென் மிக மிக அதிகமாக இருந்தால் துகள்களும் கோட்டுப் பகுதியும் தனித்தனியே நிரம்பிவிட, இரண்டையும் இணைக்க ஆளில்லாமல் கோடு மங்கும் அல்லது மறையும். நோய் முற்றியவருக்கே இது நேரும் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடியும் பாருங்கள்.

ஒரே பெயரில் இரண்டு மருந்துகள்

இது வார்டில் நடக்கும் தவறு, உயிரைப் பறிக்கக்கூடியது. ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து பழைய டியாக்சிகோலேட் வடிவிலும் வருகிறது, 100 நானோமீட்டருக்கும் குறைந்த லிப்போசோம் (கொழுப்புக் குமிழி) வடிவிலும் வருகிறது. பழையதை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.5 மி.கி.க்கு மேல் கொடுக்கக் கூடாது. லிப்போசோம் வடிவையோ, ஆப்பிரிக்காவில் நடந்த ஆம்பிஷன் ஆய்வுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு, 14 நாள் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளுகோனசோல் மாத்திரைகளோடு சேர்த்து, கிலோவுக்கு 10 மி.கி. என்று ஒரே ஒரு முறை கொடுக்கிறார்கள். சீட்டில் 'ஆம்போடெரிசின் 10 மி.கி./கிலோ' என்று மட்டும் எழுதிவிட்டு, மருந்தகத்தில் இருப்பு பழைய குப்பியாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வடிவத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், குப்பியைக் கையில் எடுத்தவரும் வாய்விட்டு வாசிக்கட்டும். லிப்போசோம் பொடியை ஊசிமருந்து நீரில் மட்டும் கரைத்து, பிறகு 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸில் கலக்க வேண்டும். உப்புக் கரைசல் பட்டால் மருந்து வீழ்படிவாகும். ஏற்கெனவே உப்புக் கரைசல் ஓடிய குழாயிலேயே ஏற்ற நேர்ந்தால், முதலில் டெக்ஸ்ட்ரோஸை விட்டுக் குழாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்.