மலையேற்றத்தில் தெர்மலை உலர்த்துவது: கம்பளியா, பாலியெஸ்டரா?

லடாக், ஹிமாச்சல் பக்கம் நடந்து முகாமுக்கு வந்ததும் முதல் வேலை, வேர்வையில் நனைந்த தெர்மலை, அதாவது குளிருக்கு உடம்போடு ஒட்டி அணியும் உள்ளுடையை, மாற்றுவது. வெயில் இருக்கும்போதே உலர்த்தினால்தான் உண்டு.

பாலியெஸ்டர் இழை தன் எடையில் 1 சதவீத ஈரத்தைக்கூட உள்ளே இழுக்காது. தண்ணீர் இழைகளுக்கு நடுவேதான் தங்கும். மெரினோ கம்பளி 30 சதவீதம் வரை இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். ஒரே தடிமன் என்றால் பாலியெஸ்டர்தான் முந்திக் காயும். ஆனால் வாங்கும்போது தடிமனையும் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 150 கிராம் மெரினோ, 250 கிராம் பாலியெஸ்டருக்கு முன்பே காய்ந்துவிடலாம்.

கம்பளியை முறுக்கிப் பிழியாதீர்கள், உருக்குலைந்துவிடும். உலர்ந்த துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோலச் சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். நேரம் மிச்சமாவது இந்த ஒரு வேலையில்தான். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி, மடிப்பு விழாமல், காற்றடிக்கும் இடத்தில் கொடியில் போடுங்கள். காற்றில்லாத வெயிலை நம்ப வேண்டாம்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குமுன் எடுத்துவிடுங்கள். லேசான ஈரம் உடம்புச் சூட்டிலேயே காயும். சொட்டச் சொட்ட நனைந்ததைத் தூக்கப்பைக்குள் கொண்டுபோகாதீர்கள். பைக்குள் அடைத்திருக்கும் இறகு ஈரத்தில் ஒட்டிப்போய்க் குளிர் உள்ளே வரும். அடுப்பருகே பாலியெஸ்டர் உருகும், கம்பளி கருகும். வெளியே விறைத்துப்போன துணியை மடக்காமல் உதறுங்கள். பனித்தூளாகவே கொஞ்சம் ஈரம் உதிர்ந்துவிடும்.