நர்சிங்கா, ஆக்குபேஷனல் தெரபியா? சேரும் முன் பார்க்க வேண்டியவை

நோயாலோ காயத்தாலோ முடங்கியவரை உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. பிறருக்கு உதவப் பிடிக்குமா என்று கேட்டால் இரண்டு படிப்புக்கு வருபவர்களும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. வேலைநேரத்தில் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

மூளையின் வலப்பக்கம் பாதித்து, இடது கைகால் விழுந்துபோன பக்கவாத நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நர்ஸ் அவருடைய இரத்த அழுத்தத்தையும் நாடியையும் குறிக்கிறார். மருந்து கொடுக்கும் முன் ஆள், மருந்து, அளவு, நேரம், கொடுக்கும் வழி என ஐந்தையும் சரிபார்க்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்கப் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறார். நோயாளியின் பேச்சு திடீரென்று குழறினால் முதலில் கவனிப்பதும் அநேகமாக அவர்தான்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சாப்பாட்டு நேரத்தில் வருகிறார். தட்டின் இடது பாதியில் உணவு தொடாமல் கிடக்கிறது. கண்ணில் கோளாறு இல்லாவிட்டாலும், மூளை அந்தப் பக்கத்தைச் சட்டை செய்யாமல் விட்டிருக்கலாம். அதைச் சோதித்து, இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக்குகிறார். சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்த ஒரு பாடத்துக்கே பல நாள் ஆகும். குளியலறையில் கைப்பிடி எங்கே வேண்டும், வீட்டு வாசலில் சாய்தளம் போட இடமிருக்கிறதா என்பதும் அவர் கணக்கில் வரும்.

ஆகவே உங்களையே கேட்க வேண்டியது இது: அரைமணி நேரத்தில் பலன் தெரியும் வேலை பிடிக்குமா, ஒரே பொத்தானை மூன்று வாரம் போடவைக்கும் பொறுமை இருக்கிறதா?

இரத்தத்தைக் கண்டால் பயம் என்பதற்காகத் தெரபி பக்கம் போகாதீர்கள். அங்கும் உடற்கூறியல் படிக்க வேண்டும். கை அறுவைக்குப் பின் காயத்தோடு வருபவருக்கு ஸ்ப்ளின்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் உறை, செய்ய வேண்டிவரும். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் தகடு இறுகுவதற்குள், சில நிமிடங்களிலேயே, கையில் வைத்து வடிவமைத்துவிட வேண்டும். இன்னொரு குழப்பம், இதைப் பிசியோதெரபி என்றே நினைத்துச் சேர்வது. குழந்தைகள் வளர்ச்சி, மனநலம் ஆகியவையும் இதற்குள் அடக்கம் என்று இரண்டாம் ஆண்டில் தெரிந்து திகைப்பவர்கள் உண்டு.

நர்சிங்கில் ஆளை வெளியே தள்ளுவது பெரும்பாலும் பாடமல்ல, ஷிப்ட். 8 அல்லது 12 மணி நேரம், இரவுப் பணி, பண்டிகை நாள் பணி. தூக்கம் கெட்டால் தாங்காத உடம்பென்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரபிஸ்டுகள் பெரும்பாலும் பகலில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் நர்ஸ் வேலை கிடைக்கும் இடங்கள் அதிகம். தெரபி வேலைக்கு ஊர் மாற வேண்டியிருக்கலாம். முதுகுவலி இருவருக்கும் பொது.

விண்ணப்பிக்கும் முன் அனுமதி கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். வார்டில் ஒரு பகல், ஒரு இரவு. ஷிப்ட் மாறும்போது விவரம் ஒப்படைப்பதைக் கட்டாயம் கவனியுங்கள். தெரபியில் பக்கவாதம், குழந்தைகள், மனநலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது.

பிறகு கல்லூரியிடம் கேளுங்கள்: தொழில் செய்யப் பதிவுபெறும் தகுதி தரும் படிப்பா, நேரடிப் பயிற்சி எத்தனை மணி? உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பு குறைந்தது 1000 மணி நேரம் கேட்கிறது. வெளிநாட்டு எண்ணம் இருந்தால், அந்த நாட்டின் விதியை முன்பே பாருங்கள்; அமெரிக்காவிலும் கனடாவிலும் தெரபிஸ்டாவதற்கான அங்குள்ள படிப்பே முதுகலை மட்டத்தில்தான் தொடங்குகிறது. நர்சிங் முடித்துவிட்டுத் தெரபிக்கு மாறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் பதிவு தனி, பயிற்சி தனி. பெரும்பாலும் முதலிலிருந்தே படிக்க வேண்டிவரும்.