பெர்கமுவின் கலக இளவரசன்: அரிஸ்டோனிக்கஸை மேசை ஆட்டத்தின் வில்லனாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டங்களுக்குப் பழங்கால வரலாற்றில் வில்லன் தேடுவோர் பலரும் பெயர் பெற்ற மன்னர்களிடமே போய் நிற்கிறார்கள். எனக்குக் கிடைத்தவர்களில் மிகச் சிறந்தவன், பலரும் பெயரே கேள்விப்படாத அரிஸ்டோனிக்கஸ். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த பெர்கமு அரசின் கடைசி மன்னர் மூன்றாம் அட்டாலஸ், கி.மு. 133இல் வாரிசின்றி இறந்தபோது, தம் அரசையே ரோம மக்களுக்கு உயில் எழுதிவைத்திருந்தார். அரிஸ்டோனிக்கஸ் அதை ஏற்க மறுத்து, முன்பு ஆண்ட மன்னர் இரண்டாம் யூமெனஸின் மகன் தானே என்று உரிமை கோரிக் கலகத்தில் இறங்கினான். பெர்கமு, தியத்தீரா, எபேசு, சிமிர்னா என்று தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்குப் பழகிய ஊர்களே அந்தக் கலகத்தின் களங்கள். இவ்வளவு வளமான மனிதனை ஆட்டத்துக்குக் கொண்டுவரும்போது வீணாக்கிவிடுவதற்கு வழிகள் பல இருக்கின்றன.

அவற்றுள் பெரியது, அவன் உண்மையிலேயே அரச குமாரனா என்ற கேள்விக்கு ஆட்டம் தொடங்குமுன்பே விடை சொல்லிவிடுவது. எபேசைச் சேர்ந்த யாழிசைக் கலைஞர் ஒருவரின் மகள்தான் அவன் தாய் என்று பழைய வரலாற்றாசிரியர் ஜஸ்டின் எழுதுகிறார். அரசியின் வயிற்றில் பிறவாதவன் என்பதே அவனுடைய உரிமையின் பலவீனம். ஆட்டத்தை நடத்துபவர் ‘இவன் போலி’ என்று முடிவு செய்துவிட்டால் ஆட்டக்காரர்களுக்கு வெறும் மோசடிக்காரன் ஒருவன் கிடைப்பான். ‘இவன் உண்மையான வாரிசு’ என்று முடிவு செய்துவிட்டால் எதிர்க்கக் காரணமே இல்லாமல் போகும். ஆகவே விடையை நடத்துபவரும் எழுதிவைக்கக் கூடாது என்பேன். ஆட்டக்காரர்கள் கையில் கொடுக்க வேண்டியது ஒரு நாணயத்தை. அவன் அடித்த வெள்ளி நாணயங்களில் அரசனின் முகம் கிடையாது. ஒரு பக்கம் கூடையிலிருந்து வெளிவரும் பாம்பு, மறுபக்கம் வில்லுறையின் இருபுறமும் பாம்புகள் என அது அந்நாட்டில் வழக்கமாகப் புழங்கிய வடிவமேதான். அதில் சிறிய கிரேக்க எழுத்துகளாக, அவன் சூட்டிக்கொண்ட பெயரான ‘மன்னர் யூமெனஸ்’ என்பதன் சுருக்கமும் ஆட்சி ஆண்டும் மட்டும் கூடுதலாகச் செதுக்கப்பட்டிருக்கும். தியத்தீராவில் அடித்த அப்படியொரு நாணயத்தை ஒரு சந்தை வியாபாரி மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கிறார், அடுத்த ஊரின் வியாபாரி விரல் நுனியால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுரிமை பற்றிய சண்டை அந்த நொடியில் மேசைக்கு வந்துவிடும்.

அடுத்த தவறு அவனுடைய வாக்குறுதியைப் பற்றியது. இங்கேதான் நான் முதன்முறை நடத்திய ஆட்டத்தில் சறுக்கினேன். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்லும் வரிசைப்படி, அவன் முதலில் லியூக்கே என்ற சிற்றூரைக் கைப்பற்றினான். கூமே அருகே எபேசியரின் கப்பற்படையிடம் தோற்றான். அதன்பின் உள்நாட்டுக்குச் சென்று ஏழைகளையும் அடிமைகளையும் திரட்டி, விடுதலை தருவதாகச் சொல்லி, அவர்களைச் ‘சூரிய நகரத்தார்’ என்று அழைத்தான். அந்தப் பெயரின் கவர்ச்சியில் மயங்கி, அவனை நெருப்பைக் கக்கும் சூரியப் பூசாரியாகவும் அவர்களை மூளைச்சலவை செய்யப்பட்ட பக்தர் கூட்டமாகவும் நான் அமைத்துவிட்டேன். ஆட்டக்காரர்கள் தயக்கமின்றி அவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். நான் எதிர்பார்த்த எந்த உரையாடலும் நிகழவில்லை. அவர்கள் ஏமாளிகள் அல்லர், அவரவர் கணக்கோடு வந்தவர்கள் என்பதை நான் மறந்திருந்தேன்.

பெர்கமு நகரம் அதே காலத்தில் நிறைவேற்றிய ஒரு தீர்மானம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. பொதுப் பாதுகாப்பை முன்னிட்டு, அங்கு வாழ்ந்த வெளியூர்க்காரர்கள் பலருக்கும் படைவீரர்களுக்கும் குடியுரிமையும், அரச, நகர அடிமைகளில் பலருக்கு ஒரு படி உயர்ந்த நிலையும் அது வழங்குகிறது; சமீபத்தில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளை விலக்குகிறது; நகரைவிட்டு வெளியேறுவோரின் உரிமையைப் பறிக்கிறது. கலகக்காரனும் நகர மன்றமும் ஒரே மக்களை ஏலம் எடுப்பதுபோல் போட்டியிட்டதாகவே இதை வாசிக்கிறேன். ஆட்டத்தில் அந்த விலக்கப்பட்ட அடிமைகளில் ஒருத்தியை ஆட்டக்காரர்கள் முன் நிறுத்துங்கள். நகரம் அவளுக்கு எதுவும் தரவில்லை, அவன் தருகிறேன் என்கிறான். தோற்ற பிறகே அவனுக்கு அடிமைகளின் நினைவு வந்தது என்று ஆட்டக்காரர்கள் அவளிடம் எடுத்துச் சொல்லலாம்தான். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்பதை நடத்துபவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அவனைப் புரட்சித் தியாகியாக்கி, வில்லத்தனத்தை முழுவதும் ரோமிடம் தள்ளிவிடுவது. அவனோடு சேர்ந்தவர்களில் பிளோசியஸ் என்ற ஸ்டோயிக் தத்துவவாதியும் இருந்தார். ரோமில் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்து கி.மு. 133இல் கொல்லப்பட்ட திபேரியஸ் கிராக்கஸின் நண்பர் அவர். அட்டாலஸ் விட்டுச்சென்ற செல்வத்தை நிலம் பெற்ற ஏழைகளுக்குப் பகிர வேண்டும் என்று முன்மொழிந்தவர் அந்த கிராக்கஸ். நண்பனை இழந்து, கடல் கடந்து இந்த இளவரசனிடம் வந்துசேர்ந்த பிளோசியஸின் வாயால் கலகத்தின் இலட்சியத்தைப் பேச வையுங்கள். கட்டளைகளை அரிஸ்டோனிக்கஸ் இடட்டும். ஒருவர் நம்புகிறார், மற்றவருக்கு அரியணை வேண்டும். அந்த இடைவெளியில் ஆட்டக்காரர்கள் புகுந்து விளையாட நிறைய இடம் உண்டு.

வில்லனின் வலிமையை வாளில் வைப்பது இன்னொரு பிழை. அவனை எதிர்க்க வந்த கிராசஸ், கி.மு. 131இன் கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ரோமின் உயர் ஆட்சியாளர்), தலைமைப் பூசாரிப் பதவியும் வகித்தவர், போரில் தோற்று அவன் பக்கம் நின்ற திரேசிய வீரர்களிடம் சிக்கினார். சிறைப்பட்டு இழிவடையக் கூடாது என்று, குதிரையை ஓட்டும் கோலால் தன்னைப் பிடித்தவனின் கண்ணில் குத்தினார். வலியில் வெகுண்ட அவ்வீரன் அவரை அங்கேயே குத்திக் கொன்றான். ரோமின் மிக உயர்ந்த மனிதர்களில் ஒருவரை வீழ்த்தியவன் பெயர் தெரியாத கூலிப்படை வீரன் என்பதைக் கவனியுங்கள். அரிஸ்டோனிக்கஸுக்குப் பெரிய தாக்குதல் எண்களும் மந்திரக் கவசமும் தேவையில்லை. ஆட்டக்காரர்கள் ஓர் ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போவதற்குள் அங்கே யார் அவன் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் ஒரு தாளே போதும்.

கடைசியாக, இறுதிச் சண்டை வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பெர்பெர்னா என்ற கான்சல் அவனைத் தோற்கடித்து, ஸ்ட்ராட்டோனிக்கேயா என்ற ஊரில் முற்றுகையிட்டுப் பசியால் பணிய வைத்தார். கி.மு. 129இன் கான்சலான அக்விலியஸ், எஞ்சிய ஊர்களை அடக்க நீர்நிலைகளில் நஞ்சு கலந்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் ஃபுளோரஸ் கண்டிக்கிறார். பிளோசியஸ் தற்கொலை செய்துகொண்டார்; அரிஸ்டோனிக்கஸ் ரோமின் சிறையில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தான்.

இவற்றுக்கு நடுவே ஜஸ்டின் குறிப்பிடும் ஒரு செய்தியைத்தான் நான் கடைசி அமர்வாக வைப்பேன். பெர்பெர்னாவிடம் இருந்த கைதியைத் தன் வெற்றி ஊர்வலத்தில் காட்ட வேண்டும் என்று அக்விலியஸ் விரைந்து வந்தார். பெர்பெர்னா இறந்துபோனதால்தான் அந்தச் சச்சரவு முடிந்தது. ஆட்டக்காரர்கள் அந்தக் கைதியின் காவலர்களாக இருக்கட்டும். ஒரு தளபதி நோயில் கிடக்கிறார், மற்றவர் இன்னும் வந்துசேரவில்லை, அட்டாலஸின் செல்வம் கப்பலில் ஏறிக்கொண்டிருக்கிறது. முற்றுகையில் மெலிந்து எலும்பும் தோலுமாகிப்போன அந்த மனிதன், தன்னை மன்னர் என்று அழைக்கும்படி இவர்களிடம் கேட்கிறான்.