சக்கரம் எத்தனை சுற்று, எவ்வளவு தூரம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சக்கரம் வழுக்காமல் ஒரு முழுச் சுற்று உருண்டால், தன் சுற்றளவுக்குச் சமமான தூரத்தைக் கடக்கும். தூரம் தெரிய வேண்டுமென்றால் சுற்றளவைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறோம். சுற்றுகள் தெரிய வேண்டுமென்றால் தூரத்தைச் சுற்றளவால் வகுக்கிறோம். சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் எந்த எண்ணை எடுத்து அதில் போடுகிறோம் என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

முதல் இடறல் ஆரமும் விட்டமும். விட்டம் 70 செ.மீ. என்று கணக்கில் கொடுத்திருப்பார்கள். மனப்பாடமான சூத்திரத்தில் ஆரம் இருக்க வேண்டிய இடத்தில் 70-ஐப் போட்டு, 2 × 22/7 × 70 = 440 செ.மீ. என்று எழுதிவிடுகிறோம். சரியான சுற்றளவு 220 செ.மீ. இங்கே இருமடங்கான பிழை கடைசி வரி வரைக்கும் கூடவே வரும். சுற்றளவு எப்போதும் விட்டத்தின் மூன்று மடங்கைவிடச் சற்றே அதிகம் என்பதை நினைவில் வைத்தால் போதும்; 70-க்கு 210-ஐ ஒட்டித்தான் விடை வர வேண்டும், 440 உடனே கண்ணில் உறுத்தும். சிலர் பரப்பளவுச் சூத்திரத்தைப் போட்டு 3850 என்பார்கள். அது சதுர சென்டிமீட்டர். தூரத்தைச் சதுர அலகில் அளக்க முடியாது.

அடுத்தது அலகு. இதே சக்கரம் 1.1 கி.மீ. செல்ல எத்தனை சுற்று வேண்டும்? 1100-ஐ 220-ஆல் வகுத்து 5 என்று முடித்துவிட்டால், மீட்டரைச் சென்டிமீட்டரால் வகுத்திருக்கிறோம். ஐந்து சுற்றில் இந்தச் சக்கரம் 11 மீட்டர்தான் போகும். 1,10,000 செ.மீ.-ஐ 220-ஆல் வகுத்தால் 500 சுற்று. விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள்.

சுற்றுகள் முழு எண்ணாகத்தான் வர வேண்டும் என்ற எண்ணமும் தவறு. இந்தச் சக்கரத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 454.5 சுற்று. ‘முழுச் சுற்றுகள் எத்தனை’ என்று கேட்டால் 454. 455 என்றால் ஒரு மீட்டர் தாண்டிப் போய்விடும்.

சைக்கிளுக்கு இரண்டு சக்கரம் என்பதற்காகத் தூரத்தை இரண்டால் பெருக்குவதும் உண்டு. இரண்டும் ஒரே தூரத்தைத்தான் கடக்கின்றன. டிராக்டர் போல முன்சக்கரம் சிறியதாக இருந்தால், அது அதிகச் சுற்று சுற்றும், தூரம் மாறாது. மிதியின் சுற்றையும் சக்கரத்தின் சுற்றாக எண்ணக் கூடாது: முன் பல்சக்கரத்தில் 48 பற்களும் பின்னால் 16 பற்களும் இருந்தால், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் மூன்று முறை சுற்றும்.

தாளை விட்டு உண்மையான சைக்கிளுக்கு வந்தால், பெரிய தவறு அளக்கும் இடத்தில் நேர்கிறது. டயரின் பக்கவாட்டில் 25-622 என்று இருந்தால், 622 மி.மீ. என்பது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம். 25 என்பது டயரின் அகலம். 622-ஐ மட்டும் வைத்தால் சுற்றளவு 1.95 மீட்டர். ஆனால் தரையைத் தொடுவது டயரின் வெளிப்புறம் அல்லவா? டயரின் உயரம் ஏறக்குறைய அதன் அகலமே. அதை இருபுறமும் சேர்த்தால் விட்டம் 672 மி.மீ., சுற்றளவு சுமார் 2.11 மீட்டர். தூரம் காட்டும் கருவியில் 1.95 மீட்டர் என்று பதிந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 75 மீட்டர் குறைத்துக் காட்டும்.

இதற்கு π-இன் மதிப்பு 22/7-ஆ 3.14-ஆ என்று வாதிடுவதில் பயனில்லை. அவற்றால் வரும் வேறுபாடு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். சைக்கிளில் ஏறி அமர்ந்து, கோடு மறுபடி தரையைத் தொடும் வரை நேராக உருட்டி, அங்கும் ஓர் அடையாளம் வைத்து, இரண்டு அடையாளங்களுக்கும் இடையே அளவுநாடாவைப் பிடியுங்கள். ஏறி அமர்ந்து அளப்பது அவசியம்: எடையில் டயர் அமுங்குவதால் ஒரு சுற்றுக்கான தூரம் சற்றுக் குறைகிறது. காற்று குறைந்திருந்தால் இன்னும் குறையும். ஆகவே வழக்கமாக ஓட்டும் அளவுக்குக் காற்றடித்த பிறகே அளக்க வேண்டும்.